ஐபாடை ஹோம் தியேட்டரில் மாட்டியாச்சு, சத்தம் ஏன் சரியில்லை?

கேள்வி இது: அப்பா வைத்திருந்த ஐபாட் கிளாசிக் ஒன்று இருக்கிறது, உள்ளே ஆயிரக்கணக்கில் பாட்டு. வீட்டில் இருப்பது சென்னை ரிச்சி தெருவில் போர்டு வாங்கி மெக்கானிக் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்த 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்). இயர்போன் ஓட்டையிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினால் பாட்டு வருகிறது. ஆனால் டிவியை விடச் சத்தம் குறைவு, சார்ஜரில் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமல், பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஊமை. ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் மூன்று தனித்தனிக் காரணம். ப்ளூடூத் போட்டால் உறுமல் போகலாம், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். அந்த உறுமலையும் காசு செலவில்லாமலே நிறுத்த முடியும். உங்கள் இணைப்பு முறையில் தப்பில்லை. எந்த இடத்தில் சத்தத்தைக் கூட்டுவது, எந்த ஓட்டையில் பின்னைச் செருகுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் சத்தக் குறைவு. ஐபாடின் மேலே இருக்கும் 3.5 மி.மீ. ஓட்டை இயர்போனுக்காகச் செய்தது. இயர்போனின் மின்தடை பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம்தான். அதை ஆட்ட ஓரளவு கரண்ட் வேண்டும், வோல்டேஜ் அதிகம் வேண்டாம். ஹோம் தியேட்டருக்குள் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் இன்புட், அதாவது வெளிக் கருவியிலிருந்து பாட்டை வாங்கும் ஓட்டை, இதற்கு நேர் எதிர். அதன் மின்தடை 10,000 ஓமுக்கு மேல், பல செட்டுகளில் 47,000 ஓம். அது கரண்டைக் கேட்பதே இல்லை, வோல்டேஜை மட்டும் பார்க்கிறது. ஆக, இயர்போன் அவுட்டை ஆக்ஸில் மாட்டினால் ஐபாட் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயர்போனை ஓட்டுவதை விட அதற்கு இது லேசான வேலை.

வோல்டேஜில்தான் பற்றாக்குறை. சிடி, டிவிடி பிளேயர்களின் லைன் அவுட் (ஆம்புக்கென்றே சிக்னல் தரும் ஓட்டை) உச்சத்தில் சுமார் 2 வோல்ட் கொடுக்கும். கையடக்க பிளேயரின் இயர்போன் அவுட் முழு வால்யூமில் அரை வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை வோல்ட்டுக்கும் 2 வோல்ட்டுக்கும் நடுவே 12 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) இடைவெளி. டிவியிலிருந்து ஆக்ஸுக்கு மாற்றியதும் சத்தம் சட்டென்று இறங்கியது போலத் தோன்றுவது இதனால்தான். ஐபாடின் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்பைத் திருகினால் இடைவெளி இன்னும் கூடும். மொட்டைமாடித் தொட்டியின் வால்வைக் கால்வாசி திறந்துவிட்டுக் குளியலறைக் குழாயை முழுசாகத் திருகுவது மாதிரி அது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்ப் தன் சொந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். வருகிற சிக்னல் சின்னதாக இருந்தால் பாட்டோடு ‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலியும் கூடவே ஏறும்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். ஹோம் தியேட்டர் வால்யூமைக் கீழே இறக்கிவிட்டு ஐபாடில் பாட்டை ஓட விடுங்கள். ஐபாடின் வால்யூமை எண்பது, தொண்ணூறு சதவீதத்துக்கு ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள். இனிமேல் கூட்டுவதும் குறைப்பதும் ஹோம் தியேட்டர் ரிமோட்டில் மட்டும். முழு நூறு ஏன் வேண்டாம் என்றால், சில பிளேயர்கள் கடைசிப் படியில் லேசாகக் கரகரக்கும். உங்களுடையது கரகரக்கவில்லை என்று காதால் உறுதி செய்துகொண்டால் நூறிலும் வைக்கலாம்.

ஏற்றியும் சத்தம் போதவில்லை என்றால் ஐபாடின் செட்டிங்ஸில் ‘வால்யூம் லிமிட்’ என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். காது கெட்டுவிடக் கூடாதென்று அப்பா அதைக் குறைத்து வைத்திருக்கலாம். அதற்கு நாலு எண் பூட்டும் போட முடியும். அந்த எண் தெரியாவிட்டால் தலைவலிதான். ஐரோப்பாவில் விற்ற ஐபாட்களில் அங்குள்ள விதிகளுக்காகக் கம்பெனியே ஒரு உச்சவரம்பு வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்த பெட்டி என்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே செட்டிங்ஸில் ‘ஈக்யூ’ இருக்கும், பேஸையும் ட்ரெபிளையும் கூட்டிக் குறைக்கும் வசதி அது. அதை ‘ஆஃப்’பில் வையுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சின்ன இயர்போனில் பேஸ் வரவில்லை என்று ‘பேஸ் பூஸ்டர்’ போட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அதை அப்படியே ஹோம் தியேட்டருக்கும் கொண்டுவருகிறார்கள். ஐபாடின் பேஸ் பூஸ்டர் ஏற்கெனவே உச்சத்தில் பதிவாகியிருக்கும் பாட்டை மேலும் தூக்கி அலையின் தலையை நறுக்கிவிடும். அப்படி நறுக்கியதைத் தனியாக ஒரு சப்வூஃபர் இருக்கிற செட்டில் போட்டுக் கேட்டால் தவில் அடி ஒவ்வொன்றும் கிழிந்த தகரம் மாதிரி வரும். பேஸ் வேண்டுமென்றால் சப்வூஃபர் திருகியில் கூட்டுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது.

ஐபாட் கிளாசிக்கில் இதைவிட நல்ல ஒரு வழி ஒளிந்திருக்கிறது. அடியில் இருக்கும் 30 பின் சாக்கெட்டைச் சார்ஜுக்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2003இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தச் சாக்கெட்டில் லைன் அவுட்டும் இருக்கிறது. வால்யூம் சக்கரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, எப்போதும் ஒரே அளவில் சிக்னல் தரும். இயர்போன் ஆம்பைத் தாண்டி வருவதால் ஒலியும் இன்னும் சுத்தமாக இருக்கும். ஆப்பிளின் பழைய டாக் (ஐபாடை நிறுத்தி வைக்கும் தாங்கி) கிடைத்தால் அதன் பின்னால் இருக்கும் 3.5 மி.மீ. ஓட்டையில் இந்த லைன் அவுட்தான் வருகிறது. டாக் இல்லாமல் நேராக 30 பின்னிலிருந்து ஆக்ஸுக்குப் போகும் கேபிள்களும் ஆன்லைனில் கிடைக்கும். அதில் சார்ஜுக்கான யுஎஸ்பி வாலும் சேர்ந்திருந்தால் நல்லது, பாடிக்கொண்டே சார்ஜ் ஆகும். ஆனால் 2012இல் வந்த லைட்னிங் சாக்கெட் உள்ள ஐபாட் டச், நானோ வைத்திருப்பவர்கள் இதைத் தேட வேண்டாம். அந்தச் சாக்கெட்டில் ஆக்ஸ் நேராக வாங்கிக்கொள்ளும் அனலாக் ஒலி கிடையாது, டிஜிட்டல் மட்டும்தான். ஷஃபிளுக்கு 30 பின் சாக்கெட்டே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஐபாடுக்காக ஆம்பை மேலே ஏற்றி வைத்திருப்பீர்கள். அதே நிலையில் டிவிக்கோ டிவிடிக்கோ மாற்றினால் 12 டெசிபெல் ஏற்றத்தோடு வந்து அடிக்கும். டுவீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போவதும், வீட்டில் பெரியவர்கள் தூக்கிவாரிப் போட்டு எழுவதும் இப்படித்தான். மாற்றும் முன் இறக்குங்கள். டெனான், யமஹா, ஒன்கியோ மாதிரி கம்பெனிகளின் ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான ஆம்ப் பெட்டி) வைத்திருப்பவர்கள் மெனுவில் இன்புட் ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவு கூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆக்ஸை மட்டும் உயர்த்தி வைத்துவிடலாம்.

இனி கேபிள். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுபக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின் இரண்டு. கடையில் ‘இபி டு ஆர்சிஏ’ என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. சில கேபிள்களில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு வரும், அதுவும் இடதுதான். தங்க முலாம் பூசியது என்று விலை கூட்டிச் சொன்னால் ஒலி கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கடற்கரை ஓர ஊர் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். உப்புக்காற்றில் சாதாரணப் பின் பச்சை பிடித்துக் கரகரக்கும், தங்கம் பிடிக்காது. ஐந்து மீட்டர் வரை நீளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பின்னைக் கையில் எடுத்துக் கறுப்பு வளையத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, அதுதான் வேண்டும். ஒரே வளையம் என்றால் மோனோ, அது இடது, வலது என்ற இரண்டு சேனலில் ஒன்றை எர்த்தோடு (இரண்டுக்கும் பொதுவான திரும்பும் பாதை) சேர்த்துவிடும். மூன்று வளையம் என்றால் மைக் அல்லது வீடியோவும் சேர்ந்தது. வீட்டில் பழைய ஹேண்டிகேமோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூவால் கேபிள் கிடக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே எந்த வளையத்தில் எர்த், எதில் வீடியோ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை இதற்குப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் பாடும், இல்லையென்றால் உறுமும்.

இந்த இடத்தில் வரும் ஒரு கோளாறு பலரையும் குழப்பியிருக்கிறது. வயலின், தபேலா, கோரஸ் எல்லாம் வருகின்றன, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கிறது அல்லது அடியோடு காணவில்லை. பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு பாட்டுப் போட்டாலும் அதே கதை. காரணம் பின்னின் எர்த் தொடாமல் இருப்பது. எர்த் விட்டுப்போனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஆம்புக்குப் போய்ச் சேரும். பாடகரின் குரலை ஸ்டுடியோவில் இரண்டு சேனலிலும் ஒரே அளவில் வைத்து நடுவில் நிறுத்தியிருப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் குரல் பூஜ்யம். கரோக்கே மென்பொருள்கள் வேண்டுமென்றே செய்யும் வேலையை உங்கள் பின் இலவசமாகச் செய்கிறது! ஐபாடுக்குப் போட்டிருக்கும் ரப்பர் உறையின் துளை சின்னதாக இருந்து பின் கடைசி வரை போகாமல் நின்றாலும் இப்படி ஆகும். சட்டைப் பையில் இருந்தபோது ஓட்டைக்குள் சேர்ந்த பஞ்சும் தடுக்கும். உறையைக் கழற்றுங்கள். பெட்டியை அணைத்துவிட்டு ஒரு மரப் பல்குத்தியால் பஞ்சை மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கை, ஊசியை உள்ளே விட வேண்டாம்.

அடுத்தது ஆம்பின் பின்பக்கம். அசெம்பிள் செட்டுகளில் அங்கே ஓட்டைகள் திருவிழாக் கூட்டமாக இருக்கும், பெயரும் அழிந்திருக்கும். ஆறு ஆர்சிஏ ஓட்டைகள் ஒரு குழுவாக, ‘5.1 இன்’ என்றோ ‘டிவிடி இன்’ என்றோ போட்டு, ஃப்ரண்ட் இரண்டு, சரவுண்ட் இரண்டு, சென்டர், சப் என்று பிரிந்திருக்கும். ஆறு அவுட் உள்ள டிவிடி பிளேயருக்காக வைத்தது அது. உங்கள் சிவப்பு, வெள்ளைப் பின்களை அதன் ஃப்ரண்ட் இரண்டில் செருகியிருந்தால் முன் ஸ்பீக்கர்கள் மட்டும்தான் பேசும், பின்னவை ஊமையாகவே இருக்கும். உங்கள் மூன்றாவது கோளாறு பெரும்பாலும் இதுதான். அந்தக் குழுவுக்கு வெளியே ‘ஆக்ஸ்’ அல்லது ‘ஸ்டீரியோ இன்’ என்று தனி ஜோடி ஒன்று இருக்கும். அதற்கு மாற்றி, ரிமோட்டில் இன்புட்டையும் ஆக்ஸுக்கு மாற்றுங்கள். ‘அவுட்’ என்று எழுதியிருக்கும் ஜோடியில் போட்டால் ஒன்றும் கெடாது, சத்தமும் வராது. மைக் ஓட்டையில் மட்டும் போடாதீர்கள். அது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குக்காகச் செய்தது, ஐபாடைப் போட்டால் அலறும். பழைய ரிசீவரில் ‘ஃபோனோ’ என்று இருந்தால் அதுவும் வேண்டாம். இசைத்தட்டு ஊசிக்கான இன்புட் அது, சிக்னலை நூறு மடங்கு பெருக்குவதோடு பேஸைத் தூக்கி ட்ரெபிளை அமுக்கவும் செய்யும்.

ஆக்ஸுக்கு மாற்றிய பிறகு பின் ஸ்பீக்கர்கள் பேசுவது உள்ளே என்ன போர்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஐபாடிலிருந்து வருவது இரண்டே சேனல். ஆறு ஸ்பீக்கருக்கு அதைப் பங்கிட யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். சில செட்டுகளில் முன்னால் போவதையே பின்னாலும் அனுப்புவார்கள், ரிசீவர்களில் இதற்கு ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்று பெயர். வீட்டில் விசேஷம், கூடம் நிறைய ஆள், எங்கே உட்கார்ந்தாலும் பாட்டு கேட்க வேண்டும் என்றால் அது போதும். இன்னொரு வகை புரோலாஜிக். இரண்டு சேனலிலும் ஒன்றாக இருப்பதை சென்டருக்குத் தள்ளும், வித்தியாசமாக இருப்பதைப் பின்னால் அனுப்பும். எண்பதுகளுக்குப் பிந்தைய ஸ்டீரியோ பாட்டுகளில் இது நன்றாகவே வேலை செய்யும். கோரஸும் எதிரொலியும் பின்னால் இருந்து வருவது சுகமாகத்தான் இருக்கும்.

அப்பாவின் ஐபாட் என்றீர்கள். அதில் அறுபதுகள், எழுபதுகளின் பாட்டு நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. இரண்டு சேனலிலும் ஒரே விஷயம்தான் இருக்கும். புரோலாஜிக்கில் போட்டால் வித்தியாசம் என்று ஒன்றும் இல்லாததால் பின் ஸ்பீக்கர்கள் மௌனமாகிவிடும். முன்னால் இருக்கும் இரண்டும் அடங்கிப்போய் மொத்தப் பாட்டும் சென்டரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும். செட் ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம், போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்தப் பாட்டுகளுக்குப் புரோலாஜிக்கை அணைத்துவிட்டு வெறும் ஸ்டீரியோவில் கேளுங்கள். என் கட்சி என்னவென்றால், எல்லாப் பாட்டுக்குமே அதுதான் முதல் தேர்வு. பாட்டைக் கலந்தவர் இரண்டு ஸ்பீக்கரை வைத்துக் கேட்டுத்தான் கலந்தார். முன் ஸ்பீக்கர் இரண்டும் சப்வூஃபரும் போதும். பின் இரண்டும் சினிமாவுக்கு இருக்கட்டும்.

இப்போது உறுமல். சார்ஜரில் போட்டால் மட்டும் வருகிறது என்று நீங்களே பாதி வேலையை முடித்துவிட்டீர்கள். இரண்டு பின் உள்ள சார்ஜர்களில் மெயின் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்தது. அதன் வழியே மிகச் சிறிய கரண்ட் கசியும். உடம்புக்கு ஆபத்தில்லை. ஆனால் அது ஐபாடின் உலோக உடம்பு, ஆடியோ கேபிளின் மேல்வலை, ஆம்பின் எர்த் என்று சுற்றிவர ஒரு பாதை கிடைத்துவிட்டால், அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் பாட்டோடு சேர்ந்து உள்ளே போகும். சப்வூஃபர் அதைத்தான் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை, அதுதான் காரணம்.

மருந்து சுலபம். பாட்டுக் கேட்கும்போது பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரி நிற்கவில்லை என்றால் ஒரு பவர் பேங்கிலிருந்து சார்ஜ் போடுங்கள். பவர் பேங்குக்குச் சுவரோடு தொடர்பே இல்லாததால் வட்டம் அறுந்துவிடும். பவர் பேங்கையும் அதே நேரத்தில் சுவரில் சார்ஜுக்குப் போட்டுவிடாதீர்கள், பழைய கதைதான் திரும்பும். நிரந்தரமாக வேண்டுமென்றால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று விரல் நீளப் பெட்டி ஒன்று கிடைக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். கேபிளுக்கு நடுவில் போட வேண்டும். மலிவானவை ஆழமான பேஸைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் அது கடைசி வழியாக இருக்கட்டும்.

சார்ஜரைப் பிடுங்கிய பிறகும் உறுமினால் அடுத்த சந்தேகம் கேபிள் டிவி ஒயர். செட்டாப் பாக்ஸுக்குத் தெருவிலிருந்து வரும் ஒயரின் எர்த்துக்கும் உங்கள் வீட்டு எர்த்துக்கும் பொருத்தம் இருக்காது. செட்டாப் பாக்ஸ் ஹோம் தியேட்டரோடு இணைந்திருந்தால் உறுமல் அந்த வழியாகவும் வரும். அந்த ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் தெரிந்துவிடும். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிட்டால் உறுமல் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகத்தான் செய்யும். ஆனால் அசெம்பிள் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கசிந்தால் தகரப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், கேபிள் வழியாக ஐபாடிலும், ஐபாடைப் பிடித்திருக்கும் கையிலும். அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.

கடைக்காரர் சொன்ன ப்ளூடூத்துக்கு வருகிறேன். ஐபாட் கிளாசிக்கில் ப்ளூடூத் கிடையாது. அதனால் இயர்போன் ஓட்டையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், ஆம்ப் பக்கம் ஒரு ரிசீவர் வேண்டும். அசெம்பிள் செட்டின் முகப்பில் இருக்கும் யுஎஸ்பி பேனலில் ப்ளூடூத் சேர்ந்தே இருந்தால் ரிசீவர் செலவு மிச்சம். கடையில் மலிவாக, காருக்கென்று விற்பவை பெரும்பாலும் ரிசீவர்கள். அதை வாங்கிவந்து ஐபாடில் செருகிவிட்டு ஏன் இணையவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. பெட்டியின் மேல் டிரான்ஸ்மிட்டர், சுருக்கமாக ‘டிஎக்ஸ்’, என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவு ஜோடிகள் எஸ்பிசி என்ற முறையில் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும், நல்ல தரத்தில் 328 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் தரவு) வரை. ஏற்கெனவே எம்பி3யாகச் சுருங்கிய பாட்டு இன்னொரு முறை சுருங்கும். அது பெரிய பாவமில்லை, சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே கேட்க வசதிதான். ஆனால் ஐபாடை ஆம்புக்குப் பக்கத்திலேயே வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றரை மீட்டர் கேபிள் வேலையை நாலு மடங்கு காசு கொடுத்துக் கொஞ்சம் மட்டமாகச் செய்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கையில் இருப்பது ஐபாட் கிளாசிக் இல்லாமல் எல்டாக் (குறைவாகச் சுருக்கும் ப்ளூடூத் முறை) வசதியுள்ள சோனி வாக்மேன், ஆம்பும் எல்டாக்கைப் புரிந்துகொள்ளும் என்றால் கதை வேறு. அதில் 990 கேபிபிஎஸ் வரை போகும்.

முகப்பில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் ஐபாடையே செருகினால் பாடாதா என்றும் கேட்பார்கள். நம்மூர்ப் பேனல்களில் அநேகமாகப் பாடாது, பாடினாலும் ரசிக்க முடியாது. அந்தப் பேனல் பென்டிரைவை எதிர்பார்க்கிறது. ஐபாட் தன் பாட்டுகளை ‘ஐபாட் கண்ட்ரோல்’ என்ற மறைவான போல்டருக்குள் நாலெழுத்துப் பெயர்களாக மாற்றி ஒளித்து வைத்திருக்கும். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் மென்பொருளில் வாங்கிய, மாற்றிய பாட்டுகள் பெரும்பாலும் ஏஏசி வடிவில் இருக்கும், மலிவு பேனல்கள் பலவற்றுக்கு அது தெரியாது, எம்பி3தான் தெரியும். மேக் கணினியில் ஃபார்மேட் செய்த ஐபாட் என்றால் டிஸ்க்கையே படிக்காது. ஆனால் 2010ஐ ஒட்டி வந்த டெனான், ஒன்கியோ, பயனியர், யமஹா ரிசீவர்களில் பலவற்றின் முன் யுஎஸ்பி, ஐபாடோடு நேரடியாகப் பேசும். ஒலியை டிஜிட்டலாகவே வாங்கிக்கொள்ளும், சார்ஜும் செய்யும், பாட்டுப் பட்டியலும் டிவி திரையில் வரும். நண்பர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் ஒருமுறை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அதற்காக உங்கள் செட்டை விற்றுவிட்டு ரிசீவர் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இயர்போன் ஓட்டை இல்லாத போனைத்தான் மாட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே வரி: டைப் சி அடாப்டர் வாங்கும்போது உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக்குவது) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் ஒயர் அடாப்டர் பல போன்களில் வாயே திறக்காது. ஹோம் தியேட்டரில் ஆக்ஸே இல்லை, ஒளி வழியே டிஜிட்டல் ஒலியை வாங்கும் ஆப்டிகல் ஓட்டை மட்டும்தான் என்றால் அனலாக்கை டிஜிட்டலாக்கும் பெட்டி வேண்டும். கடைகளில் அதிகம் கிடப்பது அதற்குத் தலைகீழான பெட்டி. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் ‘இன்’ என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

எல்லாம் சரியான பிறகும் சில பாட்டுகள் மட்டும் தட்டையாக, ஜால்ரா சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்டால் அது இணைப்பின் குற்றம் இல்லை. பஸ்ஸில் இயர்போனில் கேட்டபோது தெரியாத 128 கேபிபிஎஸ் எம்பி3யின் ஏழ்மை பெரிய ஸ்பீக்கரில் வெளிச்சத்துக்கு வருகிறது. பெயரில் 320 என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள், 128ஐ எடுத்து 320ஆக ஊதிப் பெருக்கிய கோப்புகள் இணையத்தில் ஏராளம். அந்தப் பாட்டுகளை மட்டும் நல்ல பிரதியாகத் தேடி மாற்றுவதுதான் வழி.

ஐபாடை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கிளாசிக்குக்குள் 1.8 அங்குலச் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. சப்வூஃபர் பெட்டி தட்டையாக வசதியாக இருக்கிறதே என்று அதன் மேல் வைத்துவிடாதீர்கள், அந்த அதிர்வு டிஸ்க்குக்கு ஆகாது. ஆம்பின் மேலே சூடு அதிகம், அங்கேயும் வேண்டாம். பின்னைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் ஆம்ப் வால்யூம் கீழே இருக்கட்டும். அந்த ‘டப்’ சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதில்லை.

ஆப்பிள் கிளாசிக்கை 2014இல் நிறுத்திவிட்டது, ஐபாட் வரிசையையே 2022 மே மாதம் மூடிவிட்டது. அந்த டிஸ்க் என்றைக்காவது நிற்கும். அதனால் அப்பாவின் பாட்டுகளை ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கணினியில் ஐட்யூன்ஸ் இருந்து, ஐபாடைச் செருகியதும் இது வேறொரு நூலகத்தோடு இணைந்தது, அழித்துவிட்டு ‘சிங்க்’ செய்யட்டுமா என்று கேட்டால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். அவசரத்தில் ‘எரேஸ் அண்ட் சிங்க்’கைத் தொட்டால் ஆயிரக்கணக்கான பாட்டும் போய் உங்கள் கணினியில் இருக்கும் நாலு பாட்டு வந்து உட்காரும். ஐட்யூன்ஸ் பக்கமே போகாமல், விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்து, ஐபாட் டிரைவாகத் தெரிந்தால் ‘ஐபாட் கண்ட்ரோல்’ போல்டருக்குள் ‘மியூசிக்’ போல்டரை அப்படியே நகலெடுங்கள். கோப்புப் பெயர்கள் புரியாது. ஆனால் பாட்டின் பெயர், படம், பாடகர் விவரங்களை அப்பா பதிந்து வைத்திருந்தால் அவை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இருக்கும், எந்த மியூசிக் பிளேயரில் திறந்தாலும் தெரியும்.